டெக் ஜர்னலிஸ்ட் ஆகணுமா? பேப்பர், செலவு, நாள் கணக்கு எல்லாம் சொல்றேன்

நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில ஏழு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தேன். 2022 தொடக்கத்துல வேலைய ராஜினாமா பண்ணிட்டு, டெக்னாலஜி பத்தி எழுதப் போறேன்னு கிளம்பினேன், எழுதின காசு முதல் தடவ பேங்க்ல விழ பதினோரு மாசம் ஆச்சு. அதுல பாதி தெரியாத்தனத்தால போன மாசங்க. யார்கிட்ட என்ன கேக்கணும்னு தெரியல, எந்த பேப்பர எங்க வாங்கணும்னு தெரியல, இன்வாய்ஸ்னு ஒரு பில் நம்மதான் அனுப்பணும்ங்கறதே மூணாவது கட்டுரைக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இங்க நான் சொல்றது போன் ரிவ்யூ, லாஞ்ச் ஈவென்ட் வகையறா கிடையாது, அதுக்கு வேற வழி. ஒரு மெஷினோ ஆப்போ ஏஐ மாடலோ வந்து நம்ம ஊர்ல யாருக்கு என்ன பண்ணுச்சு, அது நியாயமா, நம்ம மொழியும் பழக்கமும் அதுக்குள்ள போனா என்ன ஆகுது, இதத் தோண்டி எழுதற வேலை. முழுநேர போஸ்ட் கிடைக்கறது அபூர்வம், பெரும்பாலும் ஃப்ரீலான்ஸாத்தான் ஆரம்பிக்கணும். கையில ஆறு மாச வீட்டுச் செலவு இல்லாம இருக்கற வேலைய விடாதீங்க. நான் நாலு மாசத்துக்குத்தான் வச்சிருந்தேன், மிச்சத்துக்கு தங்கச்சிகிட்ட கை நீட்டினேன், அவ இன்னும் சொல்லிக் காட்டறா.

1. எதப் பத்தி எழுதப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

"ஏஐ பத்தி எழுதப் போறேன்"னு எடிட்டர்கிட்ட சொன்னா அவர் கொட்டாவி விடுவார். எனக்கு அது புரியவே நாலு மாசம். அது வரைக்கும் அமெரிக்கக் கம்பெனிங்க விட்ட அறிவிப்புகளப் படிச்சுட்டு அதயே சுத்தி சுத்தி எழுதி அனுப்பிட்டிருந்தேன், ஒண்ணு கூட போகல.

அப்புறம் ஒரு தடவ சாத்தூருக்குப் போனப்ப அப்பத்தாவோட ரேஷன் கடைக்குப் போனேன். நாப்பது வருஷம் தீப்பெட்டி ஒட்டின கை. வெரல மெஷின்ல வைக்குது, எடுக்குது, முந்தானைல தொடச்சுட்டு மறுபடி வைக்குது. அஞ்சு தடவ. கடைக்காரர் "ரேகை விழல பாட்டி, நாளைக்கு வாங்க"ன்னுட்டார். வரிசைல இருந்த இன்னொரு அம்மா கைல தேங்கா எண்ண தடவிட்டு வந்திருந்தாங்க, அப்படி வச்சா விழும்னு யாரோ சொல்லிருக்காங்களாம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகள்ல கைரேகை முறை வந்தது 2020ல. நான் டெஸ்டிங்ல இருந்தப்ப இந்த மாதிரி ஒரு கேஸ எவனாவது டெஸ்ட் பண்ணிருப்பானான்னு நின்ன எடத்துலயே யோசிச்சேன். அதுதான் என் முதல் ஸ்டோரி.

அதனால உங்களுக்குப் பக்கத்துல பாருங்க. நூறு நாள் வேலைல ஆள் வந்ததுக்கு ஆப்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போட்டோ எடுக்கற முறை 2023 ஜனவரி 1ல இருந்து கட்டாயமாச்சு, சிக்னல் இல்லாத கண்மாய்க் கரைல அது எப்படி நடந்துச்சுன்னு அங்க வேலை பாத்தவங்கள கேட்டா ஒரு ஸ்டோரி இருக்கு. டெலிவரி பசங்களுக்கு ஆர்டர் யாருக்குப் போகணும்னு முடிவு பண்ற கணக்கு இன்னொண்ணு.

மொழிலயே கூட நிறைய இருக்கு. "நிலா"ன்னு எழுதினா நமக்கு ரெண்டு எழுத்து. கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கற யூனிகோட்ல அது நாலு குறி, ந, இகரக் கொம்பு, ல, கால். அத சேமிக்கற யுடிஎஃப்-8 முறைல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், மொத்தம் 12 பைட். இங்கிலீஷ்ல "மூன்"னு எழுதினா 4 பைட்டுல முடிஞ்சிடும். ஏஐ மாடல தங்களோட ஆப்ல போடறவங்ககிட்ட கம்பெனிங்க பெரும்பாலும் டோக்கன் (மாடல் எழுத்த உடைக்கற துண்டு) கணக்குலதான் காசு வாங்கறாங்க, தமிழ் வாக்கியத்த நிறைய மாடல்கள் இங்கிலீஷ விட அதிகத் துண்டா உடைக்குது, அப்ப அதே கேள்விய தமிழ்ல கேட்டா பில் கூடுது. ஓசியிலயே டோக்கன் எண்ணிக் காட்டற டூல் இருக்கு, நாலஞ்சு மாடல்ல ஒரே பத்திய போட்டுப் பாத்து எண்ணிக்கைய எக்செல் ஷீட்ல போடுங்க, அதுவே பாதி கட்டுரை.

2. படிப்பு

ஜர்னலிசம் டிகிரி இல்லாம வர முடியுமா? முடியும், நான் வந்தேன். தரமணில ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஒரு வருஷ டிப்ளமா நடத்துறாங்க, காசும் ஒரு வருஷமும் இருந்தா நல்லது, அங்க கிடைக்கற பழக்கவழக்கம் பின்னாடி எடிட்டர் பிடிக்க உதவும். இல்லன்னா ஐஐடிக்கள் நடத்தற ஆன்லைன் கோர்ஸ் சைட்டான என்பிடெல்ல ரெஸ்பான்சிபிள் ஏஐ, டேட்டா சயின்ஸ் கோர்ஸ் எல்லாம் ஓசியா பாக்கலாம், பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாத்தான் ஒரு கோர்ஸுக்கு ₹1,000. புலிட்சர் சென்டர்ங்கற அமெரிக்க அமைப்பு ஏஐ பத்தி எழுதற ஜர்னலிஸ்டுகளுக்குன்னே ஓசி ட்ரெயினிங் வச்சிருக்காங்க, ஃபெல்லோஷிப்பும் தர்றாங்க, ஃப்ரீலான்ஸர்களும் போடலாம்.

"30 நாள்ல ஏஐ ஜர்னலிஸ்ட்"னு ₹25,000 வாங்கற வாட்ஸப் கோர்ஸ் பக்கம் போகாதீங்க. நான் ஒண்ணுல ₹8,000 கட்டினேன். கடைசில ஒரு பிடிஎஃப் சர்டிஃபிகேட்டும், சாட்பாட்ல எப்படி கட்டுரை எழுதறதுன்னு ஒரு வீடியோவும்.

ஷீட்ல ஃபில்டர் போடத் தெரியணும், கொஞ்சம் பைத்தான் ப்ரோக்ராமிங் தெரிஞ்சா நல்லது, ரிசர்ச் பேப்பர் படிக்கப் பழகணும். ஆர்க்கைவ்ங்கற ஓசி ஆய்வுச் சைட்ல கிடக்கற பேப்பர் பெரும்பாலும் மத்த ஆராய்ச்சியாளர்கள் சரிபாக்காதது, அத வச்சு "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாச்சு"ன்னு எழுதி மாட்டிக்காதீங்க.

3. பேப்பர் (ஆதாரம்) சேக்கறது

இதுக்குத்தான் நான் இந்தக் கட்டுரைய எழுதவே உக்காந்தேன். அப்பத்தாவுக்கு ரேகை விழலன்னு நான் சொன்னா அது ஒரு பேரனோட வருத்தம். எத்தன பேருக்கு விழலன்னு பேப்பர் காட்டினாத்தான் ஸ்டோரி.

முதல்ல ஆர்டிஐ. 2005ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், மனுவுக்கு ₹10. மத்திய அரசு ஆபீஸ்னா ஆன்லைன்லயே போட்டு கார்டுல கட்டலாம். தமிழ்நாட்டு அரசுக்கும் ஆன்லைன் போர்ட்டல் இருக்கு, உங்களுக்கு வேண்டிய ஆபீஸ் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா பேப்பர்ல எழுதி ₹10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலர் பேருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க (ரெஜிஸ்டர் போஸ்ட்ட 2025ல ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாங்க, போஸ்ட் ஆபீஸ்ல போய் அதக் கேட்டு நிக்காதீங்க). அனுப்பின ரசீத போட்டோ எடுத்து வைங்க, மை ரெண்டு மாசத்துல அழிஞ்சிடும்.

நான் பண்ண தப்பு கேள்வில. "வயதானவர்களுக்கு கைரேகை ஏன் பதிவாவதில்லை?"ன்னு உருக்கமா கேட்டிருந்தேன். 29வது நாள் ஒரே வரி பதில், அப்படி ஒரு தகவல் எங்ககிட்ட இல்லன்னு. அவங்க மேல தப்பில்ல, ஃபைல்ல இருக்கறதத்தான் ஆர்டிஐல தருவாங்க, "ஏன்"னு கேட்டா விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. ரெண்டாவது மனுவுல இப்படி எழுதினேன்: இந்த வட்டத்துல, இந்த மாசத்துல இருந்து இந்த மாசம் வரைக்கும், மாசவாரியா எத்தன பரிவர்த்தனை கைரேகை மூலமா, எத்தன கருவிழி மூலமா, எத்தன வேற வழில நடந்துச்சு, அந்த மாத அறிக்கைகளோட நகல் தரவும். அவ்வளவுதான். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், தேதி எல்லை கட்டாயம்.

நாள் கணக்கு: 30 நாள்ல பதில் வரணும். வேற ஆபீஸுக்கு மாத்தி விட்டா 5 நாள் கூட. வரலன்னாலோ அரைகுறையா வந்தாலோ 30 நாளுக்குள்ள அதே துறைல மேல இருக்கற அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அவர் 30 நாள்ல, அதிகபட்சம் 45 நாள்ல முடிக்கணும். அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம், அங்க போனா வருஷக் கணக்கு ஆகலாம், டெட்லைன மறந்துடுங்க. எனக்கு அந்த ரெண்டாவது மனுவுக்கு முப்பது நாள் தாண்டியும் பதில் வரல, 34வது நாள் மேல்முறையீடு போட்டேன், 61வது நாள் பதினாலு பக்கம் வந்துச்சு. நகலுக்கு பக்கத்துக்கு ₹2 வாங்குவாங்க, ஆனா கெடு தாண்டிட்டா ஓசியா தரணும்னு சட்டத்துல 7(6) பிரிவுல இருக்கு, கேட்டா அத எடுத்துக் காட்டுங்க.

இன்னொரு பொறி புதுசு. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயோட 8(1)(ஜே) பிரிவ மாத்திடுச்சு, அது 2025 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. முன்னாடி, பொதுநலன் இருந்தா தனிநபர் தகவலத் தரலாம்னு அந்தப் பிரிவுலயே இருந்துச்சு, இப்ப தனிநபர் தகவல்னாலே மறுக்கலாம். 8(2)ல பொதுநலன் வாதம் இன்னும் இருக்கு, ஆனா சண்ட போடணும். அதனால பேர் லிஸ்ட் கேக்காதீங்க, எண்ணிக்கை கேளுங்க. அதே சட்டத்தோட பழைய வரைவுகள்ல ஜர்னலிஸ்டுகளுக்குன்னு ஒரு விலக்கு இருந்துச்சு, நிறைவேறினதுல அது இல்ல, நீங்க பேட்டி எடுத்தவங்க போன் நம்பர், ஆதார் போட்டோ எல்லாத்தையும் டிரைவ்ல குமிச்சு வைக்காம இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆர்டிஐக்கு காத்திருக்கற நேரத்துல டெண்டர் பாருங்க. தமிழ்நாடு அரசு டெண்டர் சைட்ல என்ன மெஷின், எத்தன, என்னென்ன செய்யணும்னு டெண்டர் ஆவணத்துலயே எழுதிருப்பாங்க, முகம் பாத்து ஆள் கண்டுபிடிக்கற கேமரா வாங்கறாங்கன்னா எத்தன சதவீதம் சரியா சொல்லணும்னு கேட்டிருக்காங்களா, தப்பா சொன்னா யார் பொறுப்புன்னு இருக்கான்னு தேடுங்க. முடிஞ்ச டெண்டர் பக்கம் எப்ப வேணா காணாமப் போகும், டவுன்லோட் பண்ணி வைங்க. கம்பெனிய பத்தி தெரியணும்னா கம்பெனி விவகார அமைச்சக சைட்ல ₹100 கட்டினா ஒரு கம்பெனியோட ஆவணங்களப் பாக்கலாம், டைரக்டர் யாரு, வரவு என்னன்னு. எம்பிக்கள் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் நாடாளுமன்ற சைட்ல ஓசி. ஹைகோர்ட் தீர்ப்பும் ஓசி.

ஒரு ஐடியா சும்மா தர்றேன், யார் வேணா எடுத்துக்கங்க. தமிழ்நாடு அரசு 2020ல பாதுகாப்பான, நெறிமுறையான ஏஐ கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு. ஒரு ஏஐ சிஸ்டத்த மக்கள் மேல விடறதுக்கு முன்னாடி அதுக்கு மார்க் போட "டீப்-மேக்ஸ்"னு ஒரு ஸ்கோர்கார்டு அதுல இருக்கு. எந்தெந்தத் துறை எந்தெந்த சிஸ்டத்துக்கு அந்த மார்க் போட்டுச்சு, நிரப்பின ஸ்கோர்கார்டு நகல் தரவும்னு ஒரு ₹10 மனு. "தகவல் இல்லை"ன்னு வந்தாலும் அந்த பதிலே ஒரு ஸ்டோரிதான்.

கம்பெனி வெப்சைட்ல பாத்தது எதுவா இருந்தாலும் வெப் பக்கத்தோட நகல தேதியோட சேத்து வைக்கற வேபேக் மெஷின் சைட்ல சேவ் பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாது. நீங்க கேள்வி அனுப்பின மறுநாள் பக்கமே மாறிடும், எனக்கு நடந்துச்சு.

4. பேசறதும் ரெக்கார்ட் பண்றதும்

ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணுங்க. பேர் போடலாமா, ஊர் போடலாமா, போட்டோ போடலாமா, மூணையும் தனித்தனியா கேளுங்க. கம்பெனி உள்ள இருக்கறவங்ககிட்ட அவங்க ஆபீஸ் மெயில்ல பேசவே பேசாதீங்க, சிக்னல்ங்கற மெசேஜ் ஆப்ல மெசேஜ் தானா அழியற மாதிரி வச்சுப் பேசுங்க. போட்டோ வாங்கினா அதுக்குள்ள எடுத்த எடமும் நேரமும் இருக்கும், எடிட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அத எடுத்துடுங்க.

ஆடியோவ எழுத்தா மாத்தற டூல நம்பி நான் அசிங்கப்பட்டது: "ரேகை விழல"ன்னு அப்பத்தா சொன்னத அது "ரேகா விழல"ன்னு எழுதி வச்சுருச்சு, யாருப்பா இந்த ரேகான்னு எடிட்டர் போன் பண்ணிக் கேட்டார். சாத்தூர் பேச்சு, மதுரை பேச்சுக்கெல்லாம் இன்னும் காது வச்சுத்தான் எழுதணும், ஒரு மணி நேர ஆடியோவுக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்க. ரகசியமா பேசினவங்க ஆடியோவ எந்த ஓசி சைட்டுலயும் ஏத்தக் கூடாது.

5. பிட்ச் (எடிட்டர்கிட்ட ஸ்டோரி ஐடியாவ சொல்லிக் கேக்கறது)

முழுக் கட்டுரைய எழுதி அனுப்பாதீங்க, நான் ஒன்பது அனுப்பி ஒன்பதும் போச்சு. 250 வார்த்தைக்குள்ள ஒரு மெயில்: என்ன நடந்துச்சு, யாருக்கு, உங்ககிட்ட இப்ப என்ன பேப்பர் இருக்கு, இன்னும் என்ன வேணும், எத்தன நாள்ல தருவீங்க, இத எழுத நீங்க ஏன். சப்ஜெக்ட் லைன்லயே விஷயம் வரணும். என்னோடது "61 நாள், 14 பக்கம்: ரேகை விழாதவர்கள் எத்தன பேர்"னு இருந்துச்சு, நாப்பது நிமிஷத்துல பதில் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இதே ஸ்டோரிய "ஏஐ, பயோமெட்ரிக் மற்றும் சமூக நீதி"ன்னு அனுப்பினப்ப ஒருத்தர் கூட திறக்கல போல.

ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு அனுப்பாதீங்க. பத்து நாள் பாருங்க, ஒரு ஞாபகமூட்டல், இன்னும் அஞ்சு நாள், அப்புறம் அடுத்த ஆளு. ஓகே சொன்னதும் மூணு விஷயத்த மெயில்லயே எழுத்துல வாங்குங்க: எவ்வளவு காசு, எப்ப தருவாங்க, கட்டுரைய போடாம விட்டா என்ன தருவாங்க. பயணச் செலவும் கேளுங்க. வெக்கப்பட்டு கேக்காம விட்டு, ஒரு ஸ்டோரிக்கு ₹3,000 வாங்கி ₹3,400 பஸ்ஸுக்கும் ரூமுக்கும் செலவழிச்ச ஆள் நான்.

எனக்குக் கிடைச்ச ரேட் சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். தமிழ்ல ஒரு கட்டுரைக்கு ₹1,500ல இருந்து ₹4,000. இந்திய இங்கிலீஷ் தளங்கள்ல ₹6,000ல இருந்து ₹15,000. வெளிநாட்டுல ஒண்ணு, 300 டாலர். தமிழ்ல மட்டும் எழுதி வாடகை கட்ட முடியல, அதனால ஒரே ஆராய்ச்சிய வச்சு இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல வேற கோணத்துல ஒண்ணுன்னு எழுதறேன், ரெண்டு எடிட்டருக்கும் முன்னாடியே சொல்லிட்டு.

6. காசு, வரி

கட்டுரை வந்த அன்னிக்கே இன்வாய்ஸ் அனுப்புங்க. நம்பர், தேதி, உங்க பேர், பான், கணக்கு நம்பர், ஐஎஃப்எஸ்சி, கட்டுரை தலைப்பு, தொகை. எனக்கு சீக்கிரமா வந்தது 21 நாள், லேட்டா வந்தது ஏழு மாசம், நாலு தடவ அக்கவுன்ட்ஸ்ல பேசின அப்புறம்.

உத்யம்ங்கற அரசு சிறுதொழில் பதிவு பண்ணி வச்சா 45 நாளுக்கு மேல இழுக்கறவங்க மேல அரசோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம். அந்தப் பதிவு முழுக்க ஓசி, ஆனா கூகுள்ல தேடினா மேல வர்ற சைட்டுங்க ₹1,500, ₹2,500 கேக்கும், அரசு முத்திரை மாதிரியே போட்டிருப்பான், ஏமாறாதீங்க.

ஒரே எடத்துல இருந்து வருஷத்துல ₹50,000 தாண்டினா 10% டிடிஎஸ், அதாவது காசு தர்றப்பவே கழிக்கற வரி, பிடிப்பாங்க (2025 ஏப்ரலுக்கு முன்னாடி ₹30,000), பான் தரலன்னா 20%. பிடிச்சது உங்க பான்ல ஏறியிருக்கான்னு வருமான வரி சைட்ல பாருங்க, உங்க வரி கம்மினா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம். வருஷ வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், தாண்டினா எனக்கும் சொல்லுங்க, எப்படின்னு கேட்டுக்கறேன். அமெரிக்கப் பத்திரிகைனா டபிள்யூ-8பென்னு ஒரு ஃபார்ம் கேப்பாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, நீங்க அமெரிக்கர் இல்லன்னு சொல்ற ஃபார்ம் அது. அந்த 300 டாலர்ல 31 டாலர் வழிலயே பேங்குங்க தின்னுடுச்சு, அதனால செலவு யாரோடதுன்னு முன்னாடியே பேசிக்கங்க.

7. பிரஸ் கார்டும் கேஸும்

₹2,000 குடுத்தா பிரஸ் கார்டு, வண்டிக்கு ஸ்டிக்கர்னு வர்றவங்கள வாசல்லயே அனுப்பிடுங்க. அரசு அங்கீகாரம் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியா வரும், ஃப்ரீலான்ஸருக்கு பல வருஷ அனுபவம் வேணும். இந்த வேலைக்கு கார்டு இல்லாமலே காலத்த ஓட்டலாம். ஆர்டிஐ போட எந்த கார்டும் தேவையில்ல, குடிமகனா இருந்தா போதும்.

கேஸ் விஷயம் சீரியஸ். அவதூறு இப்ப பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதனால யார பத்தி எழுதறீங்களோ அவங்களுக்கு கேள்விகள மெயில்ல அனுப்பி குறைஞ்சது மூணு வேலை நாள் குடுங்க, பதில் வரலன்னா இந்தத் தேதி அனுப்பினோம், பதில் வரலன்னு கட்டுரைல போடுங்க. வக்கீல் நோட்டீஸ் வந்தா யார் செலவு பண்றதுன்னு பத்திரிகைகிட்ட முன்னாடியே கேளுங்க, "பாத்துக்கலாம்"ன்னு சொன்னா பாத்துக்க மாட்டாங்கன்னு அர்த்தம். கம்பெனி டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போற ட்ரிப், திருப்பிக் கேக்காத போன், ரெண்டுமே வேண்டாம், போயே ஆகணும்னா கட்டுரைலயே எழுதிடுங்க.

8. வெளியான பிறகு

கட்டுரைய பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க, தளம் மூடிட்டா உங்க வேலைக்கு அத்தாட்சி அதான். பேசினவங்க எல்லாருக்கும் அனுப்புங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு போன்லயாவது வாசிச்சுக் காட்டுங்க. நான் அப்பத்தாவுக்கு திண்ணைல உக்காந்து முழுசா வாசிச்சேன். பாதில கை காட்டி நிறுத்தி, எனக்கு எழுபத்தொண்ணுன்னு யாருடா சொன்னா, எழுபத்தி நாலு முடிஞ்சிருச்சுன்னுச்சு. ஆதார்ல தப்பா இருந்தத அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். எடிட்டருக்கு அன்னிக்கு ராத்திரியே மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல வயசயும் மாத்தி, கீழ திருத்தம்னு ஒரு வரியும் போட்டாங்க.